தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பணியாளர்கள்

தமிழ்நாட்டில் 37,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. 1 முதல் 5 வரை வகுப்புகள் கொண்டது தொடக்கப் பள்ளி. 8 வரை உள்ளது நடுநிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 12 வரை மேல்நிலைப் பள்ளி. நகரத்துப் பெரிய மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர், முதுகலை ஆசிரியர்கள், பட்டதாரி ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், அலுவலகப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், சத்துணவுப் பணியாளர்கள் என ஐம்பது அறுபது பேர்கூட வேலை பார்ப்பார்கள். சிற்றூரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பல நேரம் இரண்டே ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர்தான் தலைமையாசிரியர். ஆனால் சேர்க்கை, வருகைப் பதிவு, பாடம், தேர்வு, சான்றிதழ், சாப்பாடு, கழிவறை, பூட்டு சாவி எல்லாம் இரண்டு பள்ளிக்கும் பொது. பணியிடம் இல்லாத இடத்திலும் வேலை இருக்கத்தான் செய்கிறது. அங்கே இருப்பவர்தான் அதைச் செய்தாக வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் யார் எதற்குப் பொறுப்பு என்று கேட்பவர், அரசாணையிலுள்ள பதவிப் பட்டியலோடு இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரலாறு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பதவி என்று இருந்தது ஒன்றே, அது வாத்தியார். அவருக்குத் துணையாக மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கினான், வராதவர்களைக் கூட்டிவந்தான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிவாயிற்று. சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள். ஓர் ஆசிரியரும் ஒரு சட்டாம்பிள்ளையும் சமாளிக்கக்கூடிய அளவுதான்.

அதற்கு முன்பே இந்தச் சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்திருந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளைக் கண்டார். பெரிய மாணவர்களைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் விடுதியில் வகுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பல பள்ளிகளில் அது பரவியது.

இன்றுள்ள அடுக்கு முறை 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் பொதுக்கல்வி இயக்குநர் பதவி உருவானது. அலெக்சாண்டர் அர்பத்நாட் முதல் இயக்குநர். அரசு மானியம் வேண்டுமென்றால் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஆய்வாளருக்குக் காட்டப் பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். கற்பிப்பவராக மட்டும் இருந்தவர் கணக்குக் காட்டுபவராகவும் ஆனது அப்போதுதான். விடுதலைக்குப் பிறகு 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்து முதுகலை ஆசிரியர் என்ற நிலையை உண்டாக்கியது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்ற மூன்று பணியிடங்கள் ஒரே நேரத்தில் பள்ளி வளாகத்துக்குள் வந்தன.

தலைமையாசிரியர்

பள்ளியின் எல்லா ஆவணங்களிலும் கடைசிக் கையெழுத்து தலைமையாசிரியருடையது. மாணவர் சேர்க்கை, நீக்கம், மாற்றுச் சான்றிதழ், ஆசிரியர்களின் தற்செயல் விடுப்பு, வகுப்புப் பார்வை, பாடக்குறிப்பேட்டில் ஒப்பம், பொதுத்தேர்வு ஏற்பாடு, கட்டடம், குடிநீர் எல்லாம் அவர் பொறுப்பு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அவரே பணம் பெற்று வழங்கும் அலுவலர். ஊதியப் பட்டியல் அவர் பெயரில்தான் கருவூலத்துக்குப் போகிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்த வேலையை வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்கிறார்.

பதவி பெரும்பாலும் பணிமூப்பின்படி வருகிறது. நன்றாகக் கற்பித்தவர் என்பதற்காகவோ, நிர்வாகப் பயிற்சி பெற்றவர் என்பதற்காகவோ யாரும் இந்த நாற்காலிக்கு வருவதில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டு கணக்கோ இயற்பியலோ நடத்தியவர் ஒரு கலந்தாய்வு முடிந்த மறுநாள் கருவூல விதிகளையும் கட்டட உறுதிச் சான்றையும் படிக்கத் தொடங்குகிறார். பணியிடம் காலியாக இருந்தால் மூத்த ஆசிரியர் ‘பொறுப்புத் தலைமையாசிரியர்’ ஆகிறார். தமக்குரிய பாடவேளைகளையும் அவரே பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் பொறுப்பில் இருந்தால், நட்டம் அந்த இரண்டு வகுப்புகளுக்கும்தான்.

உதவித் தலைமையாசிரியர் என்பது மூத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு. கால அட்டவணை போடுவதும், ஆசிரியர் வராத வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று காலை மணி அடிப்பதற்குள் தீர்மானிப்பதும் அவர் வேலை. மூன்று பேர் விடுப்பில் இருக்கும் திங்கட்கிழமையில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பவரைப் பார்த்தால், பள்ளி அன்று எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடலாம்.

ஆசிரியர் நிலைகள்

ஆசிரியர்கள் மூன்று நிலையினர். தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்ற இடைநிலை ஆசிரியர் 1 முதல் 5 வரை எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். பட்டமும் பி.எட். படிப்பும் உள்ள பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை தம் பாடத்தை நடத்துகிறார். 11, 12 வகுப்புகள் முதுகலை ஆசிரியருக்கு உரியவை. உடற்கல்வி ஆசிரியர், ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்கான சிறப்பாசிரியர்கள், கணினி ஆசிரியர், தொழிற்கல்வி ஆசிரியர் ஆகியோர் பெரிய பள்ளிகளில் உண்டு. பி.டி. சார் என்று பிள்ளைகள் கூப்பிடும் உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு நேரத்தை மட்டும் பார்ப்பவர் அல்லர். காலை வழிபாட்டுக் கூட்டம், தாமதமாக வருபவர்கள், சீருடை, இடைவேளைச் சண்டை, அடிபட்ட பிள்ளைக்கு முதலுதவி எல்லாம் நடைமுறையில் அவரிடமே போகின்றன.

2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வு தேவையா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேர்ச்சி கட்டாயம். ஐம்பது வயதைக் கடந்த பலர் இதனால் மறுபடி தேர்வுக்குப் படிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

இடைநிலை ஆசிரியர்களிடையே இன்னொரு பிளவும் உண்டு. 2009 மே 31க்கு முன் சேர்ந்தவர்களின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில், ஒரே வேலையைச் செய்பவர்கள் இவர்கள். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று ஒவ்வோர் ஆண்டும் சென்னையில் அமர்ந்து போராடுபவர்களின் கோரிக்கை இதிலிருந்து பிறந்தது. அதன் நியாயத்தை மறுக்க முடியாது.

வகுப்பாசிரியர் என்பது தனிப் பதவி இல்லை. ஆனாலும் மாணவர் பார்வையில் பள்ளி என்றால் அவர்தான். வருகைப் பதிவு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பேருந்து அட்டை, விலையில்லாப் பாடநூல், சீருடை, மிதிவண்டி வழங்கல், பெற்றோர் சந்திப்பு ஆகிய அனைத்தும் அவர் கையைக் கடந்தே போகின்றன. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போன் செய்பவரும் அவர்தான். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதும், பையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்பதும் பள்ளிக்குத் தெரியவருவது பெரும்பாலும் இந்தப் போன் பேச்சில்.

ஈராசிரியர் பள்ளி

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர், 200 வரை ஐவர் என்று வரையறுக்கிறது. 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாகத் தலைமையாசிரியர் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் ‘உபரி’ ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். இந்தக் கணக்கு பிள்ளைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. இருபது பிள்ளைகள் இருந்தாலும் வகுப்புகள் ஐந்துதான், பாடநூல்கள் ஐந்து வகுப்புக்கும் உண்டு.

அப்படிப்பட்ட பள்ளியில் ஒருவர் 1, 2, 3 வகுப்புகளையும் மற்றவர் 4, 5 வகுப்புகளையும் எடுத்துக்கொள்வது வழக்கம். கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்பட்டார்கள். மூன்று வகுப்பு, மூன்று நிலை, ஒரே ஆசிரியர். இதைத் திறமையாகச் செய்பவர்கள் தமிழ்நாட்டின் கிராமங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கரும்பலகையில் ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, தரையில் வட்டமாக உட்கார்ந்த இன்னொரு குழுவோடு படக்கதை வாசித்து, மூன்றாவது குழுவில் நன்றாகப் படிக்கும் சிறுமியிடம் எழுத்து அட்டைகளைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பழைய சட்டாம்பிள்ளை இங்கே வேறு வடிவில் இருக்கிறார்.

இடையில் வாசலில் வண்டி நிற்கும். பாடநூல் இறங்கும், அல்லது கட்டட மராமத்துக்காக ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் காத்திருப்பார். எழுத்தர் பணியிடமோ அலுவலக உதவியாளர் பணியிடமோ தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. தலைமையாசிரியர்தான் எழுந்து போக வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவரிடம். அவரும் உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப் பணியில் வருவார். அன்று அந்தப் பள்ளியில் ஓர் ஆள் குறையும்.

எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையும் அதன் கைபேசிச் செயலியும் மாணவர் வருகை முதல் கழிவறை நிலை வரை எல்லாவற்றையும் கேட்கின்றன. தகவல் திரட்டுவதால் நன்மை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் வந்தபின் இடைநின்றவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. ஆனால் நெட்வொர்க் கிடைக்காத ஊரில் காலை முதல் பாடவேளை செயலியோடு போய்விடுவது உண்மை. ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டதை அடுத்து இந்தப் பதிவு வேலையின் ஒரு பகுதி, நடுநிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகத்துக்கு வந்த பணியாளர்களுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

கல்வி சாராத வேலைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றுக்கு மட்டும் ஆசிரியரை அனுப்பலாம். வாக்காளர் பட்டியல் திருத்தத்தை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும்தான் செய்யச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்தால், அந்த எல்லை காகிதத்தில் மட்டுமே நிற்கிறது.

பள்ளி அலுவலகம்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உதவியாளர் அல்லது இளநிலை உதவியாளர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர் ஆகிய பணியிடங்கள் இருக்கின்றன. ஊதியப் பட்டியல், ஆண்டு ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, ஓய்வூதியக் கருத்துரு, பணிப்பதிவேட்டில் குறிப்பு என ஆசிரியரின் வாழ்க்கை முழுவதும் இளநிலை உதவியாளர் மேசையில் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் ஓய்வுபெறும் ஆண்டில்தான் அது தெரியவரும். அதற்குள் அந்த வரியை எழுத வேண்டியவரும் ஓய்வு பெற்றிருப்பார்.

மாணவருக்கு இந்த மேசையிலிருந்து கிடைப்பவற்றில் முக்கியமானது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தாய் தந்தை பெயர் ஆகியவற்றை அதில் எழுதுவது போலத்தான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். கடவுச்சீட்டு, கல்லூரி, வேலை என எல்லா இடத்திலும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அதுவே. தமிழில் ‘இளங்கோவன்’ என்பது ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படும் என்று அறிந்த எழுத்தர்கள் பட்டியலை அனுப்பும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் கையாலேயே சரிபார்த்ததாகக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பின்னாளில் நேரக்கூடிய நீண்ட அலைச்சல் மிச்சமாகிறது. பள்ளியில் பாராட்டுப் பெறாத வேலைகளில் இது முதன்மையானது.

சமையல்கூடம்

சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகியோர் பள்ளி வளாகத்தில் இருந்தாலும் பள்ளிக்கல்வித் துறையின் ஊழியர்கள் இல்லை. சமூக நலத்துறையின் கீழ் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றின் இருப்புக் கணக்கு அமைப்பாளர் பொறுப்பு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி. காலை வருகையை எடுத்ததும் சாப்பிடுவோர் எண்ணிக்கை சமையல்கூடத்துக்குப் போகும்; நாற்பது பேர் என்றால் நான்கு கிலோ உலைக்குப் போகும். பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்துக்குச் சமைப்பவர்கள் வேறு. இவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர், பெரும்பாலும் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். விடியும் முன் வந்து அடுப்பு பற்றவைக்கும் இவர்களே அன்றைக்குப் பள்ளிக் கதவைத் திறக்கும் முதல் ஆட்கள். ஒரே அடுப்படியில் காலையில் ஒரு குழு, மதியம் இன்னொரு குழு; பாத்திரமும் தண்ணீரும் பற்றிய சிறு சச்சரவுகள் வரும்போது தீர்த்து வைப்பவர் இரண்டு குழுவிலும் சேராத தலைமையாசிரியர்.

சமையலரின் வேலை சோறு வடிப்பதோடு முடிவதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், பட்டியலினப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சிலர் பள்ளியைப் பூட்ட முயன்றார்கள். அதிகாரிகள் முதலில் சமையலரைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு எழுந்தபின் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. பிள்ளைகள் வரிசையில் அமர்ந்து ஒரே கையால் பரிமாறப்பட்ட சோற்றை உண்பது பாடநூலில் இல்லாத கல்வி. அதை அன்றாடம் நடத்திக் காட்டுபவர் மிகக் குறைந்த ஊதியம் வாங்கும் சமையலர்.

தூய்மை

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. ஊரகப் பள்ளிகளில் இந்த வேலைக்கு உள்ளாட்சி வழியாகத் தொகுப்பூதியத்தில் ஆள் வைக்கிறார்கள். ஒருவரே சில பள்ளிகளைச் சுற்றிவருவதும் உண்டு. அவருக்கான பணம் தாமதமாவதும் உண்டு. அவர் வராத நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. சில தலைமையாசிரியர்கள் தம் சொந்தப் பணத்தில் ஊர்ப் பெண் ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகள் கையில் துடைப்பம் போகிறது. அது எந்தப் பிள்ளைகளின் கை என்பதையும் பார்க்க வேண்டும். பட்டியலின மாணவர்களை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாக ஈரோடு மாவட்டத்தில் தலைமையாசிரியை ஒருவர் 2022இல் கைதானார். வகுப்பறையைப் பிள்ளைகள் முறைவைத்துப் பெருக்குவது வேறு. கழிவறை வேலையைச் சாதி பார்த்து ஒப்படைப்பது குற்றம்.

பகுதிநேரப் பணியாளர்கள்

2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, இசை, தையல் ஆகியவற்றுக்காக 16,500க்கு மேற்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. இன்றும் அவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாகவே இருக்கிறார்கள். இளமையில் சேர்ந்தவர்கள் நடுவயதை எட்டிவிட்டார்கள். காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நியமிக்கப்படுபவர்களுக்கு இடைநிலை 12,000, பட்டதாரி 15,000, முதுகலை 18,000 ரூபாய் என்று தொகுப்பூதியம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் செல்கிறார்கள். தொடக்க நிலையில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் பதினைந்து பேருக்கு ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் பயிற்றுநர் மற்ற நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பாசிரியருக்குச் சொல்லிக்கொடுத்துப் போகும் பள்ளிகளில்தான் அந்தப் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள்.

பாதுகாப்பு

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தனியார் உதவிபெறும் பள்ளி ஒன்றின் சமையல் அடுப்பிலிருந்து கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் பள்ளியின் நிறுவனர், தாளாளர், தலைமையாசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையலர், கல்வித்துறையினர், கட்டடத்துக்குச் சான்று தந்த பொறியாளர் ஆகியோர் இருந்தனர். மேல்முறையீட்டில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சிலரை விடுவித்து, சில தண்டனைகளைக் குறைத்தது. ஆனால் முதல் தீர்ப்பிலுள்ள அந்தப் பட்டியல், பள்ளியில் பொறுப்பு எத்தனை பேரிடம் துண்டு துண்டாகக் கிடந்தது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொருவரும் தம் பங்குக் காகிதத்தை முடித்திருந்தார்கள். கூரை கீற்றாகவே இருந்தது. இந்த விபத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்புக் கருவி, ஊழியர் பயிற்சி பற்றிய நெறிகளை உச்ச நீதிமன்றம் 2009இல் நாடு முழுவதற்கும் வகுத்தது.

2012இன் போக்சோ சட்டம் வேறு வகையில் பொறுப்பைப் பரப்பியது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லும் கடமை ஆசிரியர், எழுத்தர், சமையலர், காவலர் எல்லோருக்கும் உண்டு. சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரையும், தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். ‘பள்ளியின் பேர் கெட்டுவிடும், நமக்குள்ளேயே பேசி முடிப்போம்’ என்று சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்கும் உரிமை இல்லை. 1098, 14417 என்ற உதவி எண்கள் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மேற்பார்வையும் மேலாண்மைக் குழுவும்

தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிடுகிறார். அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், சென்னையில் இயக்குநர்கள். கற்பித்தலில் துணை நிற்க வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் நியமனம் நிர்வாகத்திடமும் சம்பளம் அரசிடமும் இருப்பதால், செயலர் அல்லது தாளாளர் சொல்லுக்கு அங்கே எடை அதிகம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். தமிழ்நாட்டில் தலைவர் பெற்றோரில் ஒருவர். மானியச் செலவைக் கேட்கவும், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதவும், ஆசிரியர் வருகையைக் கேள்வி கேட்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் ஒருவர் தலைவராகிக் கூட்டத்தில் கழிவறைத் தண்ணீர் பற்றித் தலைமையாசிரியரிடம் கேட்கும் ஊர்களில் தண்ணீர்த் தொட்டி வந்திருக்கிறது. தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கும் ஊர்களில் குழு பெயருக்கு இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களால் சாதி வெறியில் வெட்டப்பட்டபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற புதிய பணியிடத்தை அந்தக் குழு பரிந்துரைத்தது. ராகிங், போதைப் பழக்கம், பாலியல் சீண்டல், சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கவனிப்பதும், மாணவரின் புகாரைக் கேட்பதும் அவர் வேலையாக இருக்கும். இன்றைக்கு அதைப் பாடம் நடத்தும் நேரத்துக்கு இடையில் வகுப்பாசிரியரும் பி.டி. சாரும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.